ஆணுறை தெரியும், மிச்சம் தெரியுமா? பீன்யாவில் போன் சொல்லாத பாதி

பெங்களூரு பீன்யாவில் ஷிப்ட் முடிந்து அறைக்குத் திரும்பும் ஒரு இளைஞரை நினைத்துப் பாருங்கள். சொந்த ஊர் கிருஷ்ணகிரியோ ஒடிசாவோ. உடம்பைப் பற்றி ஒரு சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பார்? அம்மாவையா, சூப்பர்வைசரையா? போனைத்தான். பள்ளிக்கூடம் கைகொடுத்திருக்குமா என்றால், அதுவும் சந்தேகம்தான். 2007-ல் பாலியல் கல்வித் திட்டத்தை எதிர்த்து நிறுத்திய மாநிலங்களில் கர்நாடகமும் ஒன்று.

டிவி, போன் சொல்வது மனசில் ஏறுகிறதா?

ஓரளவு ஏறுகிறது. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். எப்போதும் ஆணுறை பயன்படுத்தினால் எச்ஐவி அபாயம் குறையும் என்று தெரிந்த பெண்கள் (15-49 வயது) 2015-16-ல் 54.9%. 2019-21-ல் 68.4%. ஆண்களில் 77.4%, 82% ஆனது.

அப்புறம் என்ன பிரச்சினை?

அதே கணக்கெடுப்பு 'முழுமையான அறிவு' என்று ஒன்றையும் அளக்கிறது. ஆரோக்கியமாகத் தெரிபவருக்கும் எச்ஐவி இருக்கலாம், கொசுக்கடியால் பரவாது என்பதெல்லாம் சேர்ந்தது அது. பெண்களில் 20.9% என்பது 21.6% ஆனது, அவ்வளவுதான். ஆண்களில் 32.3%-லிருந்து 30.7% ஆகக் குறைந்தே போனது.

இதற்கு ஊடகம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒன்று புரிகிறது: ஒரு வரிச் செய்தி போய்ச் சேர்கிறது, விளக்கம் சேரவில்லை. 'ஆளைப் பார்த்தா நல்லாத்தானே இருக்காங்க' என்று நினைப்பவர், ஆணுறையைப் பற்றித் தெரிந்தும் அதை வாங்க மாட்டார். முடிவு தவறுவது இந்த இடத்தில்தான்.

அரசு என்ன செய்தது?

2017 டிசம்பரில் ஆணுறை விளம்பரங்களை காலை 6 முதல் இரவு 10 வரை ஒளிபரப்பக் கூடாது என்றது மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம். ஆபாசமானவற்றுக்கு மட்டுமே இது பொருந்தும் என்று பிறகு விளக்கியது. போனில் வரும் ஆபாச வீடியோவுக்கு அப்படி நேரம் காலம் கிடையாது.

நீங்கள் என்ன செய்யலாம்?

1097-க்கு அழையுங்கள். அரசின் எச்ஐவி உதவி எண், 24 மணி நேரமும் இலவசம். அரசு மருத்துவமனைகளின் ஐசிடிசி மையங்களில் ஆலோசனை, பரிசோதனை இரண்டும் இலவசம், ரகசியம். வேலைக்குச் சேர எச்ஐவி பரிசோதனை கேட்பதை 2017 சட்டம் தடை செய்கிறது.

பாதுகாப்பில்லாத உறவு நடந்துவிட்டதா? 72 மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பாருங்கள், தேவைப்பட்டால் தடுப்பு மருந்து தொடங்கலாம். அவசரக் கருத்தடை மாத்திரை கர்ப்பத்தைத்தான் தடுக்கும், தொற்றைத் தடுக்காது. வெட்கப்பட்டுத் தள்ளிப்போட்டால் அந்த 72 மணி நேரம் ஓடிப்போகும்.