திரையில் வரும் நிபுணர்

இருதயச் சிகிச்சை நடக்கும் அறையிலிருந்து படத்தையும் குரலையும் அந்தக் கணமே கடல் கடந்து அனுப்பி, தொலைவில் அமர்ந்திருக்கும் நிபுணரின் யோசனையைக் கேட்டுக்கொண்டே டாக்டர் தம் வேலையைச் செய்யும் காலம் வந்துவிட்டது. இது பணக்காரர் சமாச்சாரம், நமக்கென்ன என்று தோட்டத்துத் தோழர்கள் ஒதுக்கிவிடலாகாது.

தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள இரத்தக் குழாய் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி இருதயத்தை அடைகிறார்கள். 1977ல் சூரிச் நகரில் அண்ட்ரியாஸ் குருன்ட்ஸிக் என்பவர் அடைபட்ட குழாயைச் சிறு பலூனால் விரித்துக் காட்டினார். 2002ல் பிரான்சில் அலேன் கிரிபியே நெஞ்சைப் பிளக்காமலே வால்வு பொருத்தினார். இவ்வேலையைப் புதிதாகத் தொடங்கும் ஆஸ்பத்திரியில் கைதேர்ந்த ஒருவர் அருகில் நின்று சொல்லித்தர வேண்டும். 2020ல் கொரோனாவினால் விமானங்கள் நின்றபோது, நேரில் வர இயலாத நிபுணர்கள் திரையில் வந்தார்கள். எக்ஸ்ரே படமும் துடிப்பின் கோடும் அவர்கள் கண்முன் ஓடின.

அகமதாபாத் டாக்டர் தேஜஸ் பட்டேல் 2018 டிசம்பரில் இன்னும் ஒருபடி மேலே போனார். சுமார் 32 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து யந்திரக் கையை இயக்கி ஐந்து பேருக்குச் சிகிச்சை செய்தார். அப்போதும் நோயாளியின் பக்கத்தில் டாக்டர்கள் நின்றார்கள்.

பினாங்கு, அயல்நாட்டாரும் வைத்தியத்துக்குத் தேடிவரும் ஊர். ஆகவே நாம் கேட்பது, இந்தத் திரை யாருக்காக விரியும் என்பதே. செபராங் பிறையில் பால்மரம் சீவி முதுமையடைந்தவர் பாலத்தைக் கடந்து ஜார்ஜ் டவுனுக்கு வருவது அரசாங்கப் பொது மருத்துவமனைக்குத்தான். அவரைக் கோலாலம்பூருக்கு அனுப்பினால் மகனோ மகளோ கூடப் போக வேண்டும். பஸ் செலவு, தங்கும் செலவு, இழந்த கூலி எல்லாம் அந்தக் குடும்பத்தின் தலையில். நிபுணரின் கண் இங்கேயே வருமானால் இந்தப் பாரம் குறையும். அரசாங்க ஆஸ்பத்திரிக்கே இவ்வசதி முதலில் வேண்டும் என்கிறோம்.

ஆனால் திரையைக் காட்டி உள்ளூர் டாக்டர்களின் எண்ணிக்கையைக் குறைக்க யாரும் நினைக்க வேண்டாம். இணைப்பு நடுவில் அறுந்தால், அங்கே நிற்பவரே வேலையை முடிக்க வல்லவராக இருக்க வேண்டும்.

1997ல் நம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொலைமருத்துவச் சட்டத்திலேயே நோயாளியின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டுமென்று எழுதினார்கள். அவசரத்தில் வாங்கும் கைநாட்டு சம்மதமாகுமா? யார் பார்க்கிறார், கத்தியும் குழாயும் யார் கையில், தவறினால் பொறுப்பு யாருடையது என்பதைத் தமிழில் எடுத்துச் சொல்ல ஆளும், தமிழில் அச்சிட்ட பாரமும் ஆஸ்பத்திரியில் இருந்தாக வேண்டும்.