யூரியா மூட்டைக்கு இருக்கிற யோக்கியம் கம்ப்யூட்டருக்கு இல்லையா?

நேத்து கடலைக்காட்டில் களையெடுப்பு முடிஞ்சு வந்து உட்கார்ந்தேன். வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம். "ஐ5 கம்ப்யூட்டர், 8 ஜிபி ராம், 1 டிபி, மானிட்டரோட 15,500 ரூபாய் மட்டும்." பக்கத்து ஊர்க்காரர் அனுப்பி, "வாங்கலாமாங்க?"ன்னு கேட்டிருந்தார். எனக்கு வயிறு எரிஞ்சுது. இதே வார்த்தையை நம்பித்தான் நாலு கிடா வித்த காசைக் கொண்டுபோய்க் கொட்டினேன்.

மகள் காலேஜ் சேர்ந்த நேரம். மச்சான் பையன் சென்னையில் ஐ.டி. வேலையில் இருக்கான், போன் போட்டுக் கேட்டேன். "மாமா, ஐ5 கேளுங்க, எட்டு ஜிபி கேளுங்க, போதும்"னான். கடையில் அப்படியே கேட்டேன், அப்படியே கொடுத்தாங்க. வீட்டில் வந்து ஆன் பண்ணினால், நான் மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வர்ற வரைக்கும் அந்த வட்டம் சுத்திக்கிட்டே இருக்குது. பொங்கலுக்கு வந்த பையன் பார்த்துட்டுத் தலையில் கை வெச்சான். உள்ளே இருக்கிறது ஐ5 2400. 2011ல் வந்த சிப். டப்பா புதுசு, ஒயர் புதுசு, சிப் மட்டும் எங்கேயோ ஆபீஸில் கழிச்சுக் கட்டினது.

கடைக்குப் போய்க் கேட்டேன். "அண்ணா, நீங்க ஐ5தானே கேட்டீங்க?"ன்னார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. அதுதாங்க இதில் இருக்கிற சூட்சுமம்.

ஐ5ங்கறது ஒரு குடும்பப் பேர், அவ்வளவுதான். பின்னாடி வர்ற நம்பர்தான் விசயம். 2400ன்னா இரண்டாம் தலைமுறை, 12100ன்னா பன்னிரண்டாவது. 2022ல் வந்த ஐ3 12100 இந்தப் பழைய ஐ5ஐ ஓட ஓட விரட்டும். ஆனா கடையில் ஐ3ன்னா மட்டம், ஐ5ன்னா ஒசத்தி. அரிசியாவது பழசானா விலை கூடும், சிப்புக்கு அந்த நியாயம் இல்லை. அதுவும் விண்டோஸ் 11க்குப் பொதுவா இன்டெல் எட்டாம் தலைமுறையோ அதுக்கு மேலேயோ வேணும். விண்டோஸ் 10க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுபோச்சு. அதைக் கடையில் யாரும் சொல்லலை.

1 டிபியும் அப்படித்தான். அது சுத்துற பழைய ஹார்டு டிஸ்க். 256 ஜிபி எஸ்.எஸ்.டி. போட்டிருந்தா மெசின் பறந்திருக்கும், ஆனா விளம்பரத்தில் நம்பர் சின்னதாத் தெரியுமே!

சின்னக் கடைக்காரரை மட்டும் திட்டிப் பிரயோசனம் இல்லை. பெரிய கம்பெனிகளே இதைத்தான் பண்றாங்க. ரைசன் 5 7520யூன்னு லேப்டாப்பில் ஒரு சிப். 7ஐப் பார்த்ததும் புத்தம் புதுசுன்னு நினைப்போம். உள்ளே இருக்கிறது ஜென் 2, 2019ல் வந்த வடிவமைப்பு. மூணாவதா நிற்கிற 2தான் அதுக்கு அடையாளம்னு ஏஎம்டியே தன் பெயரிடும் முறையில் சொல்லியிருக்குது. எந்த விவசாயி அதைத் தேடிப் படிப்பான்?

எங்க ஊர் உரக்கடைக்கு வாங்க. யூரியா மூட்டையில் நைட்ரஜன் 46 சதவீதம், எடை 45 கிலோன்னு அச்சடிச்சிருக்கும். விதைப் பையில் முளைப்புத்திறன் எத்தனை சதவீதம், எந்தத் தேதியில் சோதிச்சாங்க, எல்லாம் இருக்கும். அதிலும் ஏமாத்துறவன் இருக்கான், இல்லைங்கலை. ஆனா கையில் ஒரு காகிதம் இருக்குது, வேளாண் அலுவலகத்தில் போய் நிற்கலாம். எனக்குக் கம்ப்யூட்டர் கடையில் கொடுத்த பில்லில் என்ன எழுதியிருக்குது தெரியுங்களா? "கம்ப்யூட்டர் செட் - 1." இதை வெச்சுக்கிட்டு நான் எங்கே போய் நிற்கிறது?

பட்டணத்தில் இருக்கிற உங்ககிட்டயும் ஒரு வருத்தம் இருக்குது. ஊரிலிருந்து சித்தப்பாவோ மாமாவோ போன் பண்ணினா, மீட்டிங்குக்கு நடுவில் "ஐ5 வாங்குங்க"ன்னு சொல்லிட்டு வெச்சுடாதீங்க. சிப்போட முழு நம்பரைக் கேட்டு போட்டோ அனுப்பச் சொல்லுங்க, பில்லில் அந்த நம்பரை எழுதி வாங்கச் சொல்லுங்க. உங்களுக்கு ரெண்டு நிமிசம், எங்களுக்கு நாலு கிடா.

பக்கத்து ஊர்க்காரரை இதையே கேட்கச் சொன்னேன். கேட்டிருக்கார். "அதெல்லாம் எழுதித் தர மாட்டோம்"னுட்டாங்களாம்.