இனவிருத்தி நாய்களுக்கு இருதயப் பரீட்சை

பொலிகாளையைத் தெரிந்தெடுக்கையில் அதன் தாயின் கறவையை விசாரிக்கும் மிராசுதார், ஜாதி நாய் விஷயத்தில் மட்டும் முகத்தழகோடு திருப்தியடைவது விந்தையே. இங்கிலாந்தில் உருவான கேவலியர் கிங் சார்லஸ் ஸ்பானியல் என்னும் சிறு ஜாதி நாயே இதற்குத் தக்க திருஷ்டாந்தம். இந்த ஜாதியில் இருதயத்தின் இடப்புற அறைகளுக்கிடையேயுள்ள வால்வு நாளடைவில் சீர்கெட்டு, இரத்தம் பின்னோக்கிக் கசிகிறது. இது பரம்பரையாய் வரும் வியாதி. ஆயினும் இளமையில் பெரும்பாலும் வெளிப்படுவதில்லை. ஆகையால் நோயின் வித்தைத் தாங்கிய நாயும் ஆரோக்கியமுடையதென்றே கருதப்பட்டு, இனவிருத்திக்கு விடப்படுகிறது.

டென்மார்க்கில் இனவிருத்தி நாய்களுக்கு இருதயப் பரீட்சையைக் கட்டாயமாக்கினார்கள். 2002-ல் இருந்ததைவிட 2011-ல் இந்நோய் வெகுவாய்க் குறைந்திருக்கக் காணப்பட்டது. நார்வேயிலோ, இந்த ஜாதியைக் கலப்பின்றிப் பெருக்குவது பிராணி நலச் சட்டத்துக்கு விரோதமென்று 2023-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது.

ஒருமுறை பரீட்சித்தால் போதாது. வயது ஏறியபின் மறுபடியும் சோதித்து, தாய் தந்தையரின் இருதய நிலையையும் விசாரித்தறிந்தே இணை சேர்த்தல் வேண்டும். குட்டி வாங்குவோரும் வைத்தியரின் சான்றைக் காணாமல் விலை பேசலாகாது. இவ்வாறு பொறுத்திருப்பதால் ஓரிரு ஈற்றுகள் குறையலாம். அந்த நஷ்டம் பொறுக்கத்தக்கதே என்பது எமது அபிப்பிராயம்.