வீட்டுத் தோட்டம்: ஈழத்தலரி விதையில் அதே பூ வருமா?

கேள்வி: எங்கள் அம்மா வீடு எட்டயபுரம் பக்கம். அப்பா நட்ட ஈழத்தலரி மரம் ஒன்று முற்றத்தில் நிற்கிறது. வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள், இதழ் ஓரத்தில் லேசான ரோஸ். அப்பா தவறி ஆறு வருடம் ஆகிறது. சித்திரையில் வீட்டை இடித்துக் கட்டப்போகிறான் தம்பி. மரம் நிற்கிற இடத்தில்தான் செப்டிக் டேங்க் வருகிறதாம். இந்த வருடம் அபூர்வமாக மரத்தில் இரண்டு ஜோடி காய் பிடித்திருக்கிறது. ஒரு ஜோடியைப் பறித்து வைத்திருக்கிறேன், பச்சையாகத்தான் இருக்கிறது. இன்னொன்று மரத்தில் இருக்கிறது. கோவில்பட்டி பக்கம் கரிசல் மண்ணில் எங்கள் வீடு. விதையை எப்படி முளைக்க வைப்பது?
- பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்: முளைக்க வைப்பதைப் பிறகு சொல்கிறேன் அம்மா. அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இந்த இதழ் கைக்கு வந்த வாரமே அம்மா வீட்டுக்குப் போய், அந்த மரத்தில் நான்கைந்து கிளையை வெட்டி எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். காயை மட்டும் நம்பி இருந்துவிட்டால் அப்பாவின் பூ உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம்.

ஏன் என்று கேட்பீர்கள். நம் காட்டில் வம்பன் உளுந்து விதைத்து, அதிலேயே விதைக்கு எடுத்து வைத்தால் மறு வருடமும் அதே உளுந்துதான் வரும். உளுந்து தன் பூவுக்குள்ளேயே தன் மகரந்தத்தில் காய் பிடிக்கிற பயிர். கம்பு அப்படி இல்லை, பக்கத்துக் காட்டு மகரந்தமும் வந்து கலக்கும். ஈழத்தலரி இந்த விஷயத்தில் கம்பு ஜாதி. பூவில் மணம் உண்டு, தேன் கிடையாது. மணத்தை நம்பி இருட்டில் வருகிற பெரிய அந்துப்பூச்சிகள், நீண்ட உறிஞ்சு குழலைப் பூவுக்குள் விட்டுப் பார்த்து ஏமாந்து, அடுத்த பூவுக்குப் போகும். அந்த அலைச்சலில்தான் மகரந்தம் இடம் மாறுகிறது. அதனால்தான் ஆயிரம் பூ பூத்தாலும் காய் அபூர்வம். உங்கள் காய்க்குத் தகப்பன் உங்கள் மரமாகவும் இருக்கலாம், அடுத்த தெருக் கோயில் வாசலில் நிற்கிற சிவப்பு மரமாகவும் இருக்கலாம். ஒரே காயில் எடுத்த விதைகளில் வெள்ளை, ரோஸ், மஞ்சள் என்று ஆளுக்கொரு நிறம் வருவது சகஜம். நல்ல மாம்பழம் தின்றுவிட்டுக் கொட்டையை நட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கிளையில் வருவது அதே மரம். அப்பா நட்ட மரமேதான், வேறு இடத்தில்.

மாசியில் மரம் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும். வெட்டுவதற்கு இதுவே சரியான நேரம். பச்சையான இளங்கிளை வேண்டாம், அழுகிவிடும். சாம்பல் நிறத்துக்கு முற்றிய கிளையாக, ஒன்று முதல் ஒன்றரை அடி நீளத்துக்கு வெட்டுங்கள். பால் கொட்டும். கையில் பட்டால் சிலருக்கு அரிக்கும், கண்ணில் பட்டால் மோசம். சின்னப் பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். இலை ஏதும் இருந்தால் கிள்ளிவிட்டு, நிழலில் ஒரு வாரம், பத்து நாள் அப்படியே சாத்தி வையுங்கள். வெட்டுவாய் காய்ந்து தழும்பு கட்ட வேண்டும். இந்தப் பத்து நாளைப் பொறுக்க முடியாமல் அன்றைக்கே நட்டு, நாலு நாள் கழித்து அடி கொழகொழவென்று ஆனதாகப் பல கடிதங்கள் வருகின்றன. காய்ந்த கிளையை மணல் அதிகம் கலந்த தொட்டியில் நாலு விரல்கடை ஆழம் ஊன்றி, ஆடாமல் குச்சி கட்டுங்கள். ஊன்றும்போது ஒரு தண்ணீர். பிறகு மேல்மண் நன்றாகக் காய்ந்தால் மட்டும் கொஞ்சம். வேர் பிடிக்க ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். தளிர் விட்டதும் வேர் வந்துவிட்டது என்று அவசரப்பட்டுப் பிடுங்கிப் பார்க்க வேண்டாம், கிளையில் இருக்கிற சத்திலேயே முதல் தளிர் வரும். நன்றாகப் பிடித்த கிளை ஒன்றிரண்டு வருடத்தில் பூத்துவிடும்.

இனி காய்க்கு வருவோம். நீங்கள் பறித்து வைத்த பச்சைக் காயால் பயன் இருக்காது என்றே நினைக்கிறேன். இந்தக் காய் பூவிலிருந்து முற்ற ஏழு, எட்டு மாதம், சில சமயம் அதற்கு மேலும் எடுக்கும். மரத்தில் இருக்கிற ஜோடியைத் தொடாதீர்கள். ஆட்டுக் கொம்பு மாதிரி விரிந்து நிற்கிற அந்த இரண்டும் பச்சை மாறிக் கரும்பழுப்பாகி, சுருங்கி, தானாக ஒரு பக்கம் வெடிக்கும். வெடித்த அன்றைக்கே காற்று விதையைக் கொண்டுபோய்விடும். ஒவ்வொரு விதைக்கும் மெல்லிய தாள் போல ஒரு இறக்கை உண்டு. எனவே இப்போதே பழைய கொசுவலைத் துண்டைக் காயின் மேல் பை போலச் சுற்றிக் கட்டிவிடுங்கள். சித்திரைக்குள் வெடித்தால் உங்கள் அதிர்ஷ்டம். வெடிக்காவிட்டால், மரத்தை வெட்டுகிற நாள் வரை காயை விட்டுவைக்கும்படி தம்பியிடம் சொல்லி வையுங்கள்.

காயில் இருபதிலிருந்து அறுபது விதை வரை இருக்கும். விரலால் தடவிப் பார்த்தால் அடிப்பக்கம் பருத்திருப்பது நல்ல விதை, தட்டையாகத் தாள் போல இருப்பது பதர். மணல், மட்கிய தொழு உரம், செம்மண் மூன்றும் சம அளவு கலந்து, அடியில் ஓட்டை போட்ட பால் கவரில் நிரப்புங்கள். பருத்த முனை மண்ணுக்குள், இறக்கை வெளியே தெரிகிற மாதிரி நிமிர்த்தி ஊன்ற வேண்டும், அவ்வளவுதான். நம் பக்கத்து மாசி, பங்குனி வெயிலுக்கு ஒன்றிரண்டு வாரத்தில் முளை தெரியும். விதைத்தோல் தொப்பி மாதிரி இலையில் மாட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிய்க்க வேண்டாம், தண்ணீர் தெளித்தால் தானே கழன்றுவிடும். ஐந்தாறு இலை வந்ததும் பெரிய பைக்கு மாற்றுங்கள். பூ பார்க்க மூன்று வருடம் ஆகும், அதற்கு மேலும் ஆகலாம். அது எந்த நிறம் என்பது அன்றைக்குத்தான் தெரியும். அதிலும் ஒரு சுவாரசியம் இருக்கிறது, நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அப்பா மரத்தின் பிள்ளைகள்தானே.

இதில் முக்கியமான இடம் உங்கள் மண். ஈழத்தலரி மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்து வறண்ட காட்டு மரம். வெயிலும் வறட்சியும் அதற்குப் பிரச்சினையே இல்லை. வேரில் தண்ணீர் நின்றால் தாங்காது. கரிசல் சித்திரையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும், ஐப்பசி கார்த்திகையில் மழை பிடித்தால் உப்பி, வெடிப்பெல்லாம் மூடி, நாள் கணக்கில் ஈரத்தை விடாது. பருத்திக்கும் உளுந்துக்கும் அந்த ஈரம்தான் வரம். இந்த மரத்துக்கு அதுவே எமன். நானே ஒருமுறை ஆவணியில் நல்ல கன்று மூன்றைக் கரிசலில் குழி வெட்டி நட்டேன். குழிக்குள் செம்மண் நிரப்பிவிட்டோம், போதும் என்று நினைத்தேன். சுற்றிலும் களிமண் சுவர், நடுவில் செம்மண். மழைக்குக் குழி கிணறு மாதிரி நிறைந்துவிட்டது. தீபாவளி முடிந்து பார்த்தால் மூன்றும் அடியில் கறுத்துச் சாய்ந்து கிடந்தன.

ஆகவே குழி வேண்டாம், மேடு போடுங்கள். தரைக்கு மேலே ஒன்றரை அடி உயரம், நாலடி அகலம். சரளைக் கல், உடைந்த ஓடு, அதற்கு மேல் மணலும் செம்மண்ணும். அதில் கன்றை வையுங்கள். அம்மா வீடு இடிக்கும்போது ஓடும் செங்கல் துண்டும் கிடைக்கும், ஒரு வண்டி கொண்டுவந்துவிடுங்கள். முதல் மழைக்காலம் முழுவதும் கன்று தொட்டியிலேயே, தாழ்வாரத்தில் இருக்கட்டும். தையில் மேட்டுக்கு மாற்றலாம். கயத்தாறு பக்கம் காற்றாலையைச் சுற்றுகிற ஆனி, ஆடிக் காற்று உங்கள் வீட்டுக்கும் வரும். கிளை முறியும் ஜாதி என்பதால் முதல் இரண்டு வருடம் முட்டுக்கொடுங்கள்.

இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் சுண்ணாம்பு மண்ணில் இரும்புச்சத்து எடுக்க முடியவில்லை என்று பொருள். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி, கூட அரை மூடி எலுமிச்சைச் சாறு கலந்து மாலையில் இலையில் தெளிக்கலாம். இலைக்கு அடியில் ஆரஞ்சு நிறத் தூள் ஒட்டியிருந்தால் அது துரு நோய். அந்த இலைகளைப் பொறுக்கி எரித்துவிடுங்கள், இலை நனையத் தண்ணீர் ஊற்றாதீர்கள். மார்கழியில் இலை கொட்டுவது நோய் இல்லை. பட்டுப்போகிறதோ என்று பயந்து அப்போது தண்ணீர் ஊற்றிக் கொன்றவர்கள்தான் அதிகம்.

“வீட்டில் வைக்கக் கூடாத மரம் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள்” என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். இலங்கையில் புத்தர் கோயிலில் படைக்கிற பூ இது. லாவோஸ் நாட்டுக்கு இதுதான் தேசியப் பூ. உங்கள் அப்பாவும் முற்றத்தில்தானே வைத்திருந்தார்.

கேள்வி: ஈழத்தலரி விதை ஆன்லைனில் நல்ல விலை போகிறது என்கிறார்கள். நீல நிறம்கூட இருக்கிறதாம். மானாவாரியில் 50 சென்ட் போடலாமா?
- ஓட்டப்பிடாரம் வாசகர்

பதில்: போடாதீர்கள். நீல நிற ஈழத்தலரி என்று ஒன்று கிடையாது, படத்தில் சாயம் மாற்றியிருக்கிறார்கள். மேலே சொன்ன மாதிரி விதையில் என்ன நிறம் வரும் என்று விற்கிறவருக்கே தெரியாது. பாக்கெட்டில் நிறத்தைப் போட்டு விற்றாலே சந்தேகப்படுங்கள். பூவுக்கும் மார்க்கெட் இல்லை. தோவாளையில் மொட்டாக எடை போட்டு விற்கிற அரளி வேறு செடி. இந்தப் பூ மலர்ந்து கீழே விழுவது, மாலை கட்டி மறுநாள் வரை வைத்தால் ஓரம் கறுத்துவிடும். புது வீடு கட்டுகிறவர்கள் வேர் பிடித்த கன்று கேட்டு வாங்குகிறார்கள் என்பது உண்மைதான். அதற்கு நிலம் வேண்டாம். பூ பார்த்த மரத்தில் இந்த மாசியில் இருபது கிளை வெட்டிப் பையில் ஊன்றிப் பாருங்கள். எத்தனை பிடிக்கிறது, எத்தனை விற்கிறது என்று பார்த்துவிட்டு அடுத்த வருடம் எழுதுங்கள்.