ஒரே தரம் வேண்டும், தொழிலாளி தலையில் கட்டாமல்



நியூஜெர்சியில் சிகையலங்கார உரிமம் வாங்க 1,200 மணி நேரம் படிக்கணும். மூச்சுத் திணறுகிறவரை ஆம்புலன்ஸில் ஏற்றிப் போகும் ஈஎம்டி ஆவதற்கு, தேசியக் கல்வித் தர வழிகாட்டி சொல்வது சுமார் 150 முதல் 190 மணி நேரம். சலூன் வேலையை மட்டம் தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க, அவ்வளவுதான்.

எடிசன் ஓக் ட்ரீ ரோட்டில் ஒருவருக்கு நெஞ்சுவலி, 911ஐக் கூப்பிடுகிறோம். பெரும்பாலும் இரண்டு வண்டிகள் வரும். ஒன்றில் ஈஎம்டிகள். இன்னொன்றில், மருந்தேற்றவும் மூச்சுக்குழாய் செருகவும் பயிற்சி பெற்ற பாராமெடிக்குகள். 1984 சட்டப்படி நம்ம மாநிலத்தில் பாராமெடிக் சேவை ஆஸ்பத்திரிகள் கையில். ஆம்புலன்ஸோ நகராட்சியுடையதாகவோ, தனியார் கம்பெனியுடையதாகவோ, ஊர்த் தன்னார்வப் படையுடையதாகவோ இருக்கலாம். மற்றவர்களுக்குக் கட்டாயமான மாநில உரிமம் தன்னார்வப் படைகளுக்கு நீண்டகாலமாகவே கட்டாயமில்லை. 2007இல் மாநில அரசே செய்வித்த ஆய்வு இந்த ஒட்டுவேலை நெருக்கடியை நெருங்கிவிட்டதாக எச்சரித்தது. பில் விஷயமும் கேளுங்க: எதிர்பாராத மருத்துவ பில்களைத் தடுக்க 2022இல் அமலுக்கு வந்த கூட்டாட்சிச் சட்டம் ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸைச் சேர்த்துக்கொண்டது, தரையில் ஓடுகிறதை விட்டுவிட்டது!

தேசிய அளவில் தரம் என்று ஒன்று இல்லாமல் இல்லை. எந்த நிலைத் தொழிலாளி எதைச் செய்யலாம் என்ற மாதிரி வரையறை 2007இல் வந்தது, 2019இல் திருத்தப்பட்டது. ஆனால் அது பரிந்துரைதான். ஏற்பதும் வெட்டுவதும் அந்தந்த மாநிலத்தின் விருப்பம். நான் கேட்பது, நியூஜெர்சி அதை முழுசாக, எல்லா ஆம்புலன்ஸுக்கும், அடித்தளமாக ஏற்கணும் என்பது.

"தன்னார்வலர்கள் ஓடிப்போவாங்க" என்பது வழக்கமான பதில். ராத்திரி தூக்கத்தை விட்டு ஓடிவரும் அந்த மனிதர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவர்களுடைய நல்ல மனசைக் காட்டித்தானே பல ஊர்கள் சம்பளப் பட்டியலை மிச்சம் பிடிக்கின்றன? 2023 அரசுக் கணக்குப்படி அமெரிக்க ஈஎம்டியின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் 40,000 டாலருக்கும் கீழே. மிடில்செக்ஸ் கவுண்டியில் அதை வைத்து வாடகை கட்டிப் பாருங்க.

இங்கேதான் நம் இடதுசாரி நண்பர்கள் சிலரோடும் எனக்குச் சண்டை. தரத்தை உயர்த்திவிட்டால் நீதி தானாக வந்துவிடும் என்கிறார்கள். பிட்ஸ்பர்க்கில் அப்படி நடக்கவில்லை. 1967இல் அங்கே ஹில் டிஸ்ட்ரிக்ட் பகுதியில் ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ் தொடங்கியது. வேலைவாய்ப்பே இல்லை என்று ஒதுக்கப்பட்ட கறுப்பின இளைஞர்களுக்கு டாக்டர் பீட்டர் சஃபார் சுமார் 300 மணி நேரப் பயிற்சி வடிவமைத்தார். அதுவரை அந்த நகரத்தில் நோயாளிகளைப் பெரும்பாலும் போலீஸ் வேனில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனார்கள். பின்னால் அங்கே மருத்துவ இயக்குநராக வந்த டாக்டர் நான்சி கரோலின், அந்தத் தெரு அனுபவத்தை வைத்தே கூட்டாட்சிப் போக்குவரத்துத் துறைக்காக நாட்டின் பாராமெடிக் பாடத்திட்டத்தை எழுதினார்.

1975இல் நகராட்சி தன் சொந்த சேவையைத் தொடங்கி ஃப்ரீடம் ஹவுஸை மூடியது. புது அமைப்பில் சேர்ந்த பழைய ஊழியர்களில் பலர் தேர்வுகளாலும் விதிகளாலும் வெளியே தள்ளப்பட்டார்கள். யாருடைய உழைப்பிலிருந்து தரம் பிறந்ததோ அவர்களையே வடிகட்ட அதே தரம் பயன்பட்டது. சாதியின் கதை தெரிந்த நமக்கு இது புதுசா என்ன?

தமிழ்நாட்டில் 2008 முதல் ஓடும் 108ஐ நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். சொல்லலாம், இலவச சேவை. ஆனால் அதன் ஊழியர்கள் அரசு ஊழியர்கள் அல்ல, சேவையை நடத்தும் நிறுவனத்தின் ஆட்கள். 12 மணி நேர ஷிப்டை எதிர்த்து அவர்களுடைய சங்கம் திரும்பத் திரும்பப் போராடுகிறது. இந்தியாவின் 2021 துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்தில் பாராமெடிக் என்ற பெயர் ஏறிவிட்டது. பெயர் ஏறியதால் ஷிப்டு குறையவில்லை.

அதனால் நியூஜெர்சியில் தேசியத் தரம் கேட்கும்போது கூடவே மூன்றைக் கேட்கணும். பயிற்சி நேரத்துக்குச் சம்பளத்தோடு மாநிலமே செலவை ஏற்கணும். இன்று வேலையில் இருப்பவர்களின் அனுபவத்தை மதிப்பிட்டுக் கணக்கில் சேர்க்கணும், தேர்வில் ஒருமுறை தவறியதும் வீட்டுக்கு அனுப்பக்கூடாது. விதி எழுதும் மேசையில் யூனியன் பிரதிநிதிகள் உட்காரணும், ஆஸ்பத்திரி நிர்வாகமும் கம்பெனி முதலாளிகளும் மட்டும் போதாது.

எடிசனில் இருப்பவர்கள் அடுத்த டவுன்ஷிப் கவுன்சில் கூட்டத்தில் பொதுமக்கள் பேசும் நேரத்தில் எழுந்து நில்லுங்க. நம்ம தெருவுக்கு வரும் வண்டி யாருடையது, அதில் வருகிறவர் ஒரு ஷிப்டில் எத்தனை மணி நேரம் வேலை பார்க்கிறார், எவ்வளவு வாங்குகிறார் என்று கேளுங்க. கிடைத்த பதிலை எங்களுக்கு எழுதி அனுப்புங்க. ஆம்புலன்ஸில் வேலை செய்கிற தோழர்கள் இதைப் படித்தால், அவங்க எழுதுவதை முதலில் போடுவோம்.