முட்டை மட்டும் போதுமா?

"கல்யாணமாகி ரெண்டு வருஷமாச்சு, இன்னும் விசேஷம் இல்லையா?" என்று நாலு பேர் கேட்டால் போதும், தெரிந்த பெண்ணுக்கு டாக்டர் எழுதிய சீட்டைக் காட்டி, அதே மாத்திரையை மருந்துக் கடையில் வாங்கி விழுங்கும் சகோதரிகள் இருக்கிறார்கள். பலன் இல்லையென்றால் மாதக்கணக்கில் தாங்களாகவே நீட்டிக் கொள்கிறார்கள். இது சரிதானா?

அப்படிப்பட்ட மாத்திரைகளில் ஒன்று குளோமிபீன். 1967ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பழைய மருந்து. மாதவிலக்கு வந்த சில நாட்களில் தொடங்கி 5 நாள் கொடுப்பார்கள். 'ஈஸ்ட்ரோஜன் போதவில்லை' என்று மூளையை நம்ப வைத்து, சினைப்பையில் முட்டையை வளரச் செய்யும். நல்லதுதான். ஆனால், கர்ப்பப்பையின் உள்சுவர் தடிப்பதற்கும் அதே ஈஸ்ட்ரோஜன்தானே வேண்டும்? அதையும் இந்த மாத்திரை தடுப்பதால், சிலருக்கு உள்சுவர் மெலிந்து விடுகிறது. விதை முற்றினாலும் மண் இல்லாவிட்டால் எங்கே வேர் பிடிக்கும்? முட்டை வெளிவரும் சமயத்தில் உள்சுவர் 7 மி.மீ.க்குக் குறைந்தால் டாக்டர்கள் யோசிக்கிறார்கள்.

லெட்ரோசோல் என்ற மாத்திரை உடம்பை விட்டுச் சீக்கிரம் வெளியேறுவதால், உள்சுவரை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. நீர்க்கட்டி உள்ள பெண்களிடம் அமெரிக்காவில் நடத்தி, 2014ல் வெளியான ஆய்வில், இதைச் சாப்பிட்டவர்களில் 27.5 சதவீதம் பேரும், குளோமிபீன் சாப்பிட்டவர்களில் 19.1 சதவீதம் பேரும் குழந்தை பெற்றார்கள். குழந்தையின்மைக்கு இதைக் கொடுக்க நம் அரசு 2011ல் விதித்த தடையும் 2017ல் நீங்கிவிட்டது. அதற்காக, 'அதை விட்டு இதை வாங்கலாம்' என்று நாமே மாற்றிக் கொள்ளக் கூடாது. யாருக்கு எது, எவ்வளவு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஸ்கேன் எடுக்கும்போது, "முட்டை எவ்வளவு வளர்ந்திருக்கு?" என்பதோடு நிற்காமல், "உள்சுவர் எத்தனை மி.மீ. இருக்கு?" என்றும் கேளுங்கள். ஒவ்வொரு மாதமும் நோட்டில் குறித்து வையுங்கள். மெலிந்தே இருந்தால் மருந்தை மாற்ற வழி இருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேல் குளோமிபீனைத் தொடர்வதில் பெரிய பயன் இல்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

முதல் மாத்திரைக்கு முன்பே கணவருக்கும் பரிசோதனை செய்துவிட வேண்டும். குறை அவரிடம் இருந்தால், நாம் விழுங்கும் மாத்திரையெல்லாம் வீண்தானே?

மாமியார்மார்களே, மருமகளிடம் "விசேஷம் உண்டா?" என்று கேட்பதை விட்டு, "ஸ்கேனுக்கு நானும் துணைக்கு வரட்டுமா?" என்று கேட்டுப் பாருங்களேன்!

- ஒரு வாசகி, கும்பகோணம்.