விழுந்தது வேறு, சாய்ந்தது வேறு

2016 டிசம்பர் 12 பிற்பகல் வார்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்தது. அன்று நகரில் எத்தனை மரங்கள் விழுந்தன என்று கேட்டால் இன்றுவரை ஒரே பதில் கிடைக்காது. சிலர் பத்தாயிரம் என்றார்கள், சிலர் ஒரு லட்சத்துக்கு மேல் என்றார்கள். எண்ணும் முன்பே அறுத்து லாரியில் ஏற்றியாகிவிட்டால் கணக்கு எங்கிருந்து வரும்? வேரோடு பெயர்ந்தது, அரைகுறையாகச் சாய்ந்தது, ஒரு பெருங்கிளை மட்டும் முறிந்தது என்று மூன்று விதமான மரங்களும் ‘விழுந்த மரம்’ என்ற ஒரே பெயரில் ரம்பத்துக்குப் போயின. ஒவ்வொரு புயலிலும் இதுதான் நடக்கிறது. காற்று எத்தனை மரங்களைக் கொன்றது, நாம் எத்தனை மரங்களைக் கொன்றோம் என்று பிரித்துச் சொல்ல யாரிடமும் ஏடு இல்லை. புயலுக்குப் பிந்தைய மர அகற்றத்தில் அவசரம் என்ற சொல் பொருந்தும் இடம் மிகச் சிறியது. அந்த எல்லையை முன்கூட்டியே வரைந்து வைக்காததால், அவசரத்தின் பெயரால் அவசியமில்லாத வெட்டும் சேர்ந்தே நடந்துவிடுகிறது.

அந்தச் சிறிய இடத்தில் வேகம் வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. ஆம்புலன்ஸ் போகும் சாலையில் குறுக்கே கிடக்கும் மரம், கூரைமேல் சாய்ந்து ஆள் உள்ளே மாட்டிக்கொண்ட மரம், மின்கம்பியை இழுத்துக்கொண்டு விழுந்த மரம் ஆகியவற்றை உடனே அகற்றியாக வேண்டும். ஆனால் அந்த வேலையையும் அருகில் போய்ப் பார்த்தால் தெரியும், அதைப் பதற்றத்தோடு செய்ய முடியாது. வேரோடு சாய்ந்த மரத்தின் தூரில் ஒரு பெரிய மண்தட்டு செங்குத்தாக எழுந்து நிற்கும். அதன் கீழே ஆளை விழுங்கும் பள்ளம். அடிமரத்தின் பாரம்தான் அந்தத் தட்டைச் சாய்த்துப் பிடித்திருக்கிறது. அடிமரத்தை அறுத்த கணத்தில் தட்டு பழைய இடத்துக்கே படாரென்று திரும்பலாம். பள்ளத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டு ஒரு சிறுவன் நின்றால் முடிந்தது கதை. வளைந்து கிடக்கும் கிளையின் ஒரு பக்கம் வில்லின் நாண்போல இழுபட்டிருக்கும், மறுபக்கம் நசுங்கியிருக்கும். நசுங்கிய பக்கத்தில் ரம்பத்தை இறக்கினால் அது மாட்டிக்கொள்ளும். இழுபட்ட பக்கத்தில் ஒரேயடியாக வெட்டினால் கிளை தெறித்து அறுப்பவரையே அடிக்கும். அறுந்து கிடக்கும் கம்பியில் மின்சாரம் இல்லை என்று நம்பவும் கூடாது, யாரோ ஒருவர் வீட்டு ஜெனரேட்டரிலிருந்து அது திரும்பி வந்திருக்கலாம். ஆகவே முதல் நாள் வேலை இவ்வளவுதான்: கம்பியை மின்வாரியம் பார்த்த பிறகு, வண்டி போகும் அளவுக்கு வழியை மட்டும் திறப்பது. மீதி மரம் ஓரத்தில் ஒரு வாரம் கிடந்தால் குடிமுழுகிவிடாது.

சாய்ந்து நிற்பதும் கிளை முறிந்து நிற்பதும் இதிலிருந்து வேறுபட்டவை. அவற்றுக்கு இன்னும் உயிர் இருக்கிறது, யோசிக்க நேரமும் இருக்கிறது. லண்டன் கியூ தாவரவியல் பூங்காவில் 1987 அக்டோபர் பெரும்புயல் ஒரே இரவில் சுமார் 700 மரங்களைச் சாய்த்தது. 1798-இல் நட்ட ஓக் மரம் ஒன்றை அதே காற்று வேர்த்தட்டோடு மேலே தூக்கி, மறுபடியும் குழியிலேயே உட்காரவைத்துவிட்டுப் போனது. பிழைக்காது என்று நினைத்தவர்கள் அதற்கு முட்டுக்கொடுத்துவிட்டு, வேலைப்பளுவில் கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். மூன்று ஆண்டு கழித்து வந்து பார்த்தால் புயலுக்கு முன்பிருந்ததைவிடச் செழிப்பாக நின்றது மரம். பார்வையாளர்களின் காலடி பட்டுப் பட்டு இறுகிப்போயிருந்த மண்ணை அந்த ஒரு குலுக்கல் தளர்த்தி வேருக்குக் காற்றும் நீரும் போகச் செய்திருந்தது. பிறகு அந்தப் பூங்காவிலேயே மற்ற மரங்களின் அடிமண்ணையும் அழுத்தக் காற்றால் தளர்த்தத் தொடங்கினார்கள். கடல் தாண்டிப் போக வேண்டாம் என்றால் அடையாறு ஆலமரம் இருக்கிறது. 1989 புயலில் அதன் தாய்மரமே விழுந்துவிட்டது. ‘தாய்மரம் போயிற்று, அகற்று’ என்று படிவத்தில் எழுதியிருந்தால் விஷயம் அன்றே தீர்ந்திருக்கும். விழுதுகள் தாங்க, மரம் இன்றும் விரிந்து நிற்கிறது.

எல்லா மரமும் ஆலமரம் அல்ல என்பது சரிதான். கிளைப்பரப்பில் பாதிக்கு மேல் போன மரமும், அடிமரம் நெடுகப் பிளந்த மரமும் தேறுவது அரிது. பெருத்த மரத்தைக் கிரேன் வைத்து நிமிர்த்தினாலும், அறுந்த வேர்கள் முன்புபோலப் பிடிக்குமா என்பது சந்தேகமே. சாலையோரத்தில் அந்தச் சூதாட்டம் கூடாது. ஆனால் தொடைப் பருமன்கூட இல்லாத இளமரங்களின் கதை அப்படியல்ல. வேர் காயும் முன் ஈரச்சாக்கு போர்த்தி, பிய்ந்த வேர்நுனிகளைச் சீராக நறுக்கி, மெல்ல நிமிர்த்தி, சவுக்குக் கம்பால் மூன்று பக்கமும் முட்டுக்கொடுத்து, ஒரு கோடை முழுக்கத் தண்ணீர் ஊற்றினால் அவற்றில் நிறைய பிழைக்கும். பூவரசும் வேம்பும் புங்கமும் வெட்டிய இடத்தில் துளிர்க்கும் சாதி. நம் ஊரில் இவற்றுக்குக் கிடைப்பதோ மொட்டை. கிளை முறிந்த மரத்தைத் தலையோடு வெட்டி நிறுத்திவிட்டு ‘பாதுகாப்பாக்கிவிட்டோம்’ என்கிறோம். மரத்தின் காயம் நம் தோலில் பட்ட காயம்போல ஆறுவதில்லை. காயத்தைச் சுற்றி மரம் சுவர் எழுப்பி அதை உள்ளே பூட்டிவைக்கிறது, அவ்வளவுதான். கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் சற்றுப் புடைத்த வளையம் இருக்கும். அதை விட்டு வெளியே வெட்டினால் சுவர் எழும்பும், வளையத்தையும் சேர்த்துச் சீவினாலோ நடுத்தண்டை மொட்டையடித்தாலோ அழுகல் உள்ளே இறங்கும். மொட்டையடித்த இடத்தில் கொத்துக் கொத்தாக வரும் துளிர்கள் மேல்பட்டையில் மட்டும் ஒட்டிக்கொண்டிருப்பவை. நாலைந்து ஆண்டில் அவை கனத்த கிளையாகும்போது அடுத்த புயலில் யார் தலையிலாவது விழும். போன புயலின் ‘பாதுகாப்பு’ இந்தப் புயலின் விபத்தாக வருவது இப்படித்தான்.

இதற்கு நேர்மாறான பாடத்தைக் கற்றுத் தந்தது கஜா. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய அந்தப் புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்துத் தென்னந்தோப்புகள் தரையோடு தரையாயின. தென்னைக்கு உயிர் இருப்பது உச்சியில், ஒரே ஒரு குருத்தில். அது ஒடிந்தால் பக்கத்தில் துளிர்க்க வேறு கண் கிடையாது. வேம்புக்குச் சொல்லும் பொறுமையைத் தென்னைக்குச் சொல்ல முடியாது. அதோடு, விழுந்த தென்னையைத் தோப்பிலேயே அழுக விட்டால் அது காண்டாமிருக வண்டு முட்டையிடும் பண்ணையாகும். அந்த வண்டு தப்பி நிற்கும் மரத்தின் குருத்தைக் குடையும். அது போட்ட ஓட்டை வழியே சிவப்புக் கூன்வண்டு நுழையும். இங்கே தாமதம்தான் கொலை. ஆனால் ஆயிரக்கணக்கான தோப்புகளில் ஒரே நேரத்தில் அறுக்க ஆளும் இல்லை, ரம்பமும் இல்லை. விழுந்த தென்னை ஒன்றுக்கு அரசு அறிவித்த 1,100 ரூபாய் நிவாரணத்தில் 600 ரூபாய் மரத்துக்கு, 500 ரூபாய் வெட்டி அகற்ற. அகற்றும் செலவைத் தனியே கணக்கிட்டது நல்ல யோசனை. ஆளே கிடைக்காதபோது அந்த 500 ரூபாயை வைத்துக்கொண்டு விவசாயி என்ன செய்ய முடியும் என்பதை மட்டும் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. நகரத்தில் அறுக்கக் கூடாததை அறுக்கிறோம், தோப்பில் அறுக்க வேண்டியதை அழுக விடுகிறோம். எந்த மரத்துக்கு என்ன கெடு என்று பார்க்காத ஒரே பிழையின் இரண்டு முகங்கள் இவை.

மனித உயிரைவிட மரம் பெரிதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2022 ஜூனில் சென்னை கே.கே. நகரில் மரம் விழுந்து காரில் சென்ற ஒருவர் உயிரிழந்தார். அன்று புயலே இல்லை. அருகில் மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிய பள்ளம்தான் காரணம் என்று குற்றச்சாட்டு எழுந்தது, மாநகராட்சி அதை மறுத்தது. யார் சொன்னது சரி என்ற வழக்கை விட்டுவிடலாம். மரத்தைத் தாங்கும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், இரண்டு மூன்று அடி ஆழத்துக்குள், கிளை விரிப்புக்கும் அப்பால் படர்ந்திருக்கிறது. ஒரு பக்கம் வாய்க்கால் தோண்டி, மறுபக்கம் அடிவரை சிமென்ட் பூசி, மேலே கம்பிக்காக ஒரு பக்கக் கிளையை மட்டும் ஆண்டுதோறும் கழித்துவிட்டு, காற்று வந்ததும் மரத்தைக் குற்றவாளியாக்குகிறோம். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்குக் கான்கிரீட் இருக்கக் கூடாது என்று டெல்லி வழக்கில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இலேயே உத்தரவிட்டது. நம் நடைபாதைகளைக் குனிந்து பார்த்தால் அந்த ஒரு மீட்டர் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். உயிர்ப்பயத்துக்கு உண்மையான பதில் இங்கே, புயலுக்குப் பல மாதம் முன்னால் இருக்கிறது. புயலுக்கு மறுநாள் சாய்ந்த புங்கத்தை அறுப்பது அந்தப் பயத்துக்குக் காட்டும் பரிகாரச் சடங்கு மட்டுமே.

விழுந்ததெல்லாம் குல்மோகர், பெருங்கொன்றை போன்ற வெளிநாட்டு மரங்கள்தானே, போனால் போகட்டும் என்ற வாதமும் வார்தாவுக்குப் பிறகு பலமாகக் கேட்டது. அதில் பாதி உண்மை உண்டு. புதிதாக நடும்போது வேகமாக வளரும் மென்மரங்களைத் தவிர்ப்பது நல்லது. அதற்காகப் பிழைத்து நிற்கும் நிழல்மரத்தைச் சாதி பார்த்துச் சாய்ப்பதில் புத்திசாலித்தனம் இல்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1992 ஆண்ட்ரூ புயல் தொடங்கிப் பல புயல்களுக்குப் பின் மரங்களைக் கணக்கெடுத்தார்கள். மர இனத்தைப் போலவே மரம் நிற்கும் விதமும் முக்கியம் என்று அவர்கள் கண்டார்கள். தனித்து நின்றவற்றைவிடக் கூட்டமாக நின்றவை அதிகம் தப்பின. இப்போது ஒரு தெருவை நினைத்துப் பாருங்கள். வரிசையில் நிற்கும் பத்து மரங்களில், சாய்ந்த மூன்றோடு பயத்துக்காக இன்னும் மூன்றை எடுத்துவிட்டால், மிச்சம் நான்கும் வாழ்நாளில் பட்டிராத காற்றைத் தனியாக வாங்கும்.

உண்மையான தடை அறிவியலில் இல்லை, பொறுப்பில் இருக்கிறது. விடப்பட்ட மரம் விழுந்தால் அதிகாரியைக் கேள்வி கேட்பார்கள். வெட்டப்பட்ட மரம் பிழைத்திருக்குமா என்று யாரும் கேட்பதில்லை. அப்படியிருக்க எந்தப் பொறியாளர் ரம்பத்தைக் கீழே வைப்பார்? இதைத் திருத்தக் காகிதம் ஒன்று போதும். டெல்லியின் 1994-ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டம், ஆபத்தான மரத்தை அனுமதிக்குக் காத்திராமல் வெட்டலாம், ஆனால் 24 மணி நேரத்துக்குள் மர அலுவலரிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 1955-ஆம் ஆண்டுச் சட்டம் மலைப்பகுதி மரங்களுக்கானது. சமவெளியில் அரசு நிலத்து மரங்களுக்கு 2021-இல் அமைத்த மாவட்டப் பசுமைக் குழுக்கள் இருக்கின்றன. புயல் நாளில் அந்தக் குழு கூடி அனுமதி தரட்டும் என்று சொல்வது நடைமுறை தெரியாத பேச்சு. முதல் மூன்று நாள் வழி திறக்கும் வெட்டுக்கு யாரிடமும் கேட்க வேண்டாம். ஒரு படம், இடம், மரத்தின் பெயர், வெட்டிய காரணம் மட்டும் பதிவாகட்டும். நான்காம் நாளிலிருந்து நிற்கும் மரத்தில் கை வைக்க எழுத்தில் காரணமும், மரம் அறிந்த ஒருவரின் கையெழுத்தும் வேண்டும். அந்தக் கையெழுத்து ‘விட்டுவைக்கலாம்’ என்ற முடிவுக்கும் பொறுப்பேற்கும்போது, அலுவலருக்குப் பயம் குறையும்.

அப்படிக் கையெழுத்துப் போடவும், வளையம் பார்த்து வெட்டவும் ஆள் எங்கே என்பது கடைசிக் கேள்வி. கஜாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தபோது பிற மாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் மின் ஊழியர்கள் வந்து சேர்ந்தார்கள். கம்பத்துக்கு அப்படி ஒரு ஏற்பாடு சாத்தியமானால் மரத்துக்கும் சாத்தியம்தான். மரமேறத் தெரிந்தவர்களுக்கு இந்த மாநிலத்தில் பஞ்சமில்லை. இடுப்புக் கயிறு, தலைக்கவசம், ரம்பம் பிடிக்கும் முறை, காயம் பார்க்கும் முறை ஆகியவற்றைக் கற்றுக்கொடுத்து, பேரிடர்ப் பட்டியலில் பெயரைச் சேர்த்துக் கூலியை முன்பே நிர்ணயித்துவிட்டால் மண்டலத்துக்கு ஒரு குழு கிடைக்கும். செலவு ஆகும்தான். ஆனால் வெட்டியதை அள்ளவும், பிறகு கன்று நடும் விழா எடுக்கவும் இப்போதும் செலவழித்துக்கொண்டுதான் இருக்கிறோம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். ஆடியிலேயே ஒவ்வொரு வார்டிலும் பெரிய மரங்களைப் பார்த்து, விழுந்தால் எடுக்க வேண்டியதற்கு ஒரு நிறமும், சாய்ந்தால் நிமிர்த்த வேண்டியதற்கு வேறொரு நிறமும் அடிமரத்தில் பூசிவைக்கலாம். புயல் அடங்கிய இரவில், மின்சாரம் இல்லாத தெருவில், டார்ச் வெளிச்சத்தில் ரம்பத்தோடு வந்து நிற்பவருக்கு அந்த நிறம் மட்டும் தெரிந்தால் போதும்.